எட்டுப் பாட்டில் கடல்

"வீ...ல்!"

கே.கே. நகரின் காலை நேரத்து அமைதியை அந்த அலறல் இரண்டாகக் கிழித்தது.

ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன அம்மாக்கள் பிரேக் அடித்தார்கள். எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர், அலறியது நாம்தானோ என்று குழம்பி வாயை மூடிக்கொண்டார்.

அலறியது அவர் இல்லை.

ஷிபா! வயது இருபத்தாறு. 'சொக்கநாதன் பரிசோதனைக்கூடம்' என்ற தனியார் லேபில் கெமிஸ்ட்.

அவள் லேபின் குளிர் அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே...

சீனியர் கெமிஸ்ட் முத்திருளன் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே ஓர் இரும்புக் கவ்வி, ரத்தக் கறையோடு.

கடலின் அடியில் இறக்கி மண் அள்ளுகிற கவ்வி அது!

மதுரையில் கடல் கிடையாது. வைகையில் தண்ணீர் வந்தாலே ஊர் கூடிப் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கும். அப்படிப்பட்ட ஊரில், கடலுக்கான கருவியால் ஒரு மனிதரைக் கொன்றிருந்தார்கள்.

ஊருக்குப் பெருமைதான்!

*

இன்ஸ்பெக்டர் முத்துமீனா ஜீப்பிலிருந்து இறங்கினார். அடிக்கே அசையாத ஆட்கள்கூட அவருடைய வாய்க்குப் பயந்து உண்மையைக் கக்கிவிடுவார்கள் என்பது ஸ்டேஷனில் பேச்சு. பின்னாலேயே ஏட்டு சோணை. முதலில் தொப்பை வந்தது. அப்புறம் அவர் வந்தார்.

லேபின் முதலாளி டாக்டர் சொக்கநாதன் ஓடி வந்தார். வெள்ளைக் கோட்டு. தங்க ஃபிரேம் கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் சுவரில், ஜன்னல் அளவுக்குச் சட்டம் போட்ட டாக்டர் பட்டம்.

"தங்கமான மனுஷன் மேடம்! பத்து வருஷமா எனக்கு வலது கையா இருந்தாரு..."

கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார்.

"அழுகுறீங்க. கர்ச்சீப் மட்டும் இஸ்திரி போட்டது மாதிரியே இருக்கே?"

"அது... ஷாக் மேடம். கண்ணீர் வரமாட்டேங்குது."

"வரும். அவசரமில்ல. குளிர் ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"ரெண்டே சாவிதான் மேடம். ஒண்ணு முத்திருளன்கிட்ட. இன்னொண்ணு..."

நிறுத்தினார். மூலையில் உட்கார்ந்திருந்த ஷிபாவைப் பார்த்தார். சினிமாவில்கூட இவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள்.

"...இந்தப் பொண்ணுகிட்ட."

"உங்ககிட்ட இல்லையா?"

"எனக்கு சைனஸ் மேடம். குளிர் ஆகவே ஆகாது. அந்தக் கடல் மண்ணு வந்ததுல இருந்து அந்த ரூமுக்குள்ள நான் காலே வைக்கல."

"சரி..."

"மேடம், சொல்லக் கூடாது... நேத்து சாயங்காலம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. 'உங்களைச் சும்மா விடமாட்டேன்'னு இந்தப் பொண்ணு கத்துச்சு. அந்தக் கவ்வியும் இதுதான் வச்சுப் பொழங்கும்."

"சொல்லக் கூடாதுன்னுட்டு எம்புட்டு விவரமாச் சொல்றீங்க! சொல்லலாம்னா என்ன பண்ணியிருப்பீங்க, நோட்டீஸ் அடிச்சு ஒட்டியிருப்பீங்களோ?"

சோணை வந்து காதோரம் கிசுகிசுத்தார்.

"மேடம், கவ்வியில ஒரே ஒரு ஆளோட கைரேகைதான் இருக்காம். பூராம் அந்தப் பிள்ளையோடது. மேலிடத்துல இருந்து போன் வேற. சாயங்காலத்துக்குள்ள அந்தப் பிள்ளைய ரிமாண்ட் பண்ணச் சொல்றாங்க."

"இம்புட்டு வேகமா? என் வீட்டுல செயினை அறுத்துட்டுப் போனப்ப இந்த மேலிடம் எங்கய்யா இருந்துச்சு?"

முத்துமீனா ஷிபாவைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் வேறு ஒரு கொலைகாரன் கிடைக்காவிட்டால், இந்தப் பெண்தான் கொலைகாரி. சட்டம் தன் கடமையைச் செய்யும். யோசிப்பது அதன் கடமையில் இல்லை!

*

லேப் வாசலில் ஷிபாவின் அத்தா சிக்கந்தர் நின்றிருந்தார். வளையல் கடையைப் பாதித் திறப்பில் விட்டுவிட்டு ஓடி வந்தவர். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"மேடம், என் மக எறும்பைக்கூட மிதிக்காது..."

"உள்ள உக்காருங்க பாய். மிதிச்சுச்சா இல்லையான்னு நான் பார்க்குறேன்."

மாடி அறையில் ஷிபாவுக்கு எதிரே முத்துமீனா உட்கார்ந்தார். முதலில் அவள் கையைப் பார்த்தார்.

"உங்கத்தா வளையல் கடை வச்சிருக்காரு. உன் கையில ஒண்ணுகூட இல்லையே?"

"வளையல், மோதிரம் எதுவும் போடமாட்டோம் மேடம். நாங்க தேடுற உலோகம் மண்ணுல துளியூண்டுதான் இருக்கும். மோதிரம் பட்டா அதுல இருந்து ஒட்டிக்கிட்டு கணக்கே தப்பாயிரும். கரண்டிகூடப் பிளாஸ்டிக்தான். அதையும் ஆசிட்ல ஊறவச்சுத்தான் எடுப்போம்."

"என்ன மண்ணு இது? மொதல்ல இருந்து சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி."

ஷிபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

கடலுக்கு நடுவே 'அலைமகள் பெட்ரோலியம்' என்ற கம்பெனி எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிராம மீனவர்கள் மண் கெட்டுப்போச்சு, நண்டு செத்து மிதக்குது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் கடலடி மண்ணை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னது. அந்த வேலை இந்த லேபுக்கு வந்தது. ஷிபா படகில் போய் எட்டுப் பாட்டில் கொண்டுவந்தாள். கம்பெனியின் ஆளும் கூடவே படகில் வந்திருந்தான்.

"தோண்டும்போது குழாய்க்குள்ள ஒரு சேறு ஊத்துவாங்க மேடம். அதுல கனத்துக்காக ஒரு பொடி கலப்பாங்க. அந்தப் பொடியில பேரியம்னு ஒரு உலோகம் இருக்கும். கூடவே கொஞ்சம் ஈயம், காட்மியம், பாதரசம்... எல்லாம் போய் அடிமண்ணுல படிஞ்சிரும். மண்ணைப் புழு திங்கும். புழுவை நண்டு திங்கும்."

"நண்டை நான் தின்பேன். புரிஞ்சுச்சு. மேல சொல்லு. முத்திருளனோட என்ன சண்டை?"

ஷிபாவின் கண் நிறைந்தது.

"நேத்து அண்ணன் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்திருக்காரு. 'மண்ணுல தாமரை வேர் கிடக்கு. நீ நிஜமாவே கடலுக்குப் போனியா, இல்ல ஏதாச்சும் கண்மாய்ல அள்ளிட்டு வந்தியா'ன்னு கேட்டாரு. என் வேலையச் சந்தேகப்பட்டதும் எனக்குக் கோவம் வந்துருச்சு. 'இப்படிப் பேசுனா சும்மா விடமாட்டேன்'னு கத்திட்டேன். 'சரி, முதலாளிகிட்டயே கேக்குறேன்'னு போனாரு. நான் வீட்டுக்குப் போயிட்டேன்..."

உடைந்து அழுதாள்.

"கடைசியா அவர்கிட்டப் பேசுனது அந்த வார்த்தைதான் மேடம். தினமும் எனக்கு ஒரு வடை எடுத்து வைப்பாரு... அவரைப் போய்த் திட்டிட்டேன்."

கேலிக்கு அங்கே இடமில்லை. முத்துமீனா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளினார்.

"அழுதுட்டு வா. அந்தப் பாட்டிலைத் திறந்து பார்ப்போம்."

*

எட்டு வெள்ளைப் பாட்டில்கள் மேஜையில் வரிசையாக இருந்தன. உள்ளே இருப்பது வெளியே தெரியாத கனத்த பிளாஸ்டிக்.

முதல் பாட்டில். மண்.

ஷிபா மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது.

"இது என் மண்ணு இல்ல மேடம்! கடலடி மண்ணு அழுகுன முட்டை மாதிரி நாறும். கிளிஞ்சல் பொடி கிடக்கும். இது வயல் சேறு மாதிரி இருக்கு. யாரோ மாத்திட்டாங்க!"

இரண்டு... மூன்று... நான்கு... எல்லாவற்றிலும் அதே சேறு.

ஐந்தாவது பாட்டிலைத் திறந்தாள்.

"யா அல்லா!"

"என்ன? பாம்பா?"

"மண்ணு மேடம்!"

சோணைக்கு எரிச்சலாக இருந்தது.

"மண்ணுப் பாட்டில்ல மண்ணு இருக்குறதுக்கு எதுக்கும்மா அலறுற? தங்கம் இருந்தா அலறு."

"இதுல மண்ணு இருக்கக் கூடாது அண்ணே! அஞ்சாவது பாட்டில்ல நான் மண்ணே போடல!"



"வெளக்கமாச் சொல்லு," என்றார் முத்துமீனா.

"வெறும் பாட்டில் ஒண்ணையும் படகுக்குக் கொண்டுபோவோம் மேடம். அங்க திறந்து வச்சுட்டு மூடிருவோம். காத்துல, படகுல, எங்க கையில இருந்து எம்புட்டு உலோகம் ஒட்டுதுன்னு அதுல பார்த்துத்தான் கணக்குல கழிப்போம். அதுக்கும் மத்த பாட்டில் மாதிரியே நம்பர் ஒட்டிருவோம். லேப்ல இருக்குறவங்களுக்கே எதுன்னு தெரியக்கூடாது. ஆனா ஏதோ ஒண்ணு காலியா இருக்கும்னு இந்த வேலை தெரிஞ்ச அத்தனை பேருக்கும் தெரியும். எல்லா லேப்லயும் இதான் வழக்கம்."

முத்துமீனாவின் உதட்டில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஆக, மண்ணை மாத்துன மகராசன் ஒவ்வொரு பாட்டிலாத் திறந்து கொட்டியிருக்கான். அஞ்சாவது காலியா இருந்திருக்கு. 'அடடா, யாரோ மறந்துட்டாங்க போல'ன்னு அதையும் ரொப்பி வச்சிருக்கான்! வேலையில என்னா சுத்தம்யா!"

"அப்ப அவன் இந்தத் தொழில் தெரியாதவன் மேடம்," என்றார் சோணை. "கம்பெனிக்காரனாத்தான் இருக்கும். முதலாளி டாக்டராச்சே, அவருக்குத் தெரியாம இருக்குமா?"

"கூப்பிடுய்யா அந்தக் கம்பெனிக்காரனை."

*

அலைமகள் பெட்ரோலியத்தின் சுற்றுச்சூழல் மேலாளர் சிவபாண்டி வந்தான். பேருந்து அளவுக்கு ஒரு கார். உள்ளே வந்தும் கழற்றாத கூலிங் கிளாஸ். சென்ட் வாசனை அவனுக்கு முன்னால் படியேறி வந்தது.

பார்த்தவுடன் கைது செய்யலாம் போல இருந்தான்!

"சுற்றுச்சூழல் மேலாளர்னா என்ன சார் வேலை? சுற்றுச்சூழல் கெட்டா யாருக்கும் தெரியாமப் பார்த்துக்குறதா?"

"ஜோக் அடிக்கிறீங்க மேடம்."

"இல்லையே. அந்தப் படகுல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். ஷிபா ஏழு இடத்துல மண்ணு எடுத்தாங்க."

"பாட்டில் எட்டு இருக்கே?"

"ஒண்ணு வெறும் பாட்டில் மேடம். அஞ்சாவது. திறந்து மூடுனதை நானே பார்த்தேன். நான் கடல் வேதியியல்ல எம்.எஸ்ஸி. கோல்டு மெடல்."

சோணையின் வாய் திறந்தது. மூட நேரமானது.

முத்துமீனா அவனை மேலும் கீழும் பார்த்தார். பார்த்தால் அயோக்கியன் மாதிரி இருக்கிறவன் படிப்பாளி. அப்படியென்றால் படிப்பாளி மாதிரி இருக்கிறவர்...

"சோணை, முதலாளி வீடு எங்கன இருக்கு?"

"நாலு தெரு தள்ளி மேடம்."

"போய்ச் சுத்திப் பாரு. முட்டை அழுகுன நாத்தம் எங்கிட்டாவது அடிக்குதான்னு மோந்து பாரு. வெரசா வா. ஷிபா... நீ எனக்குப் புதுசா ஒரு காலிப் பாட்டில் குடு."

*

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலிடம் இன்னொரு முறை போன் செய்தது. "இதோ, ரிமாண்டுக்கு ஆள் ரெடியாயிட்டு இருக்கு சார்," என்று சொல்லி முத்துமீனா வைத்தார். எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை.

மேஜையில் எட்டுப் பாட்டில்கள். எதிரே டாக்டர் சொக்கநாதனும் சிவபாண்டியும். சுவரோரம் ஷிபா. அவள் அத்தா அவள் கையைப் பிடித்திருந்தார்.

"இந்தப் பாட்டில்களைக் கோர்ட்டுக்கு அனுப்பப் போறேன். சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. ரெண்டு பேரும் விவரம் தெரிஞ்சவங்க."

முத்துமீனா வரிசையாகத் திறந்தார். மண். மண். மண். மண்.

ஐந்தாவது...

காலி!

சிவபாண்டி கொட்டாவி விட்டான்.

சொக்கநாதன் துள்ளி எழுந்தார்.

"ஐயோ மேடம்! இதுல இருந்த மண்ணு எங்க? யாரோ எடுத்துட்டாங்க! இதுதான், இந்தப் பொண்ணு வேலைதான்! எட்டுலயும் கழுத்து வரைக்கும் இருந்துச்சே!"

"எட்டுலயுமா?"

"ஆமா!"

"எப்பப் பார்த்தீங்க டாக்டர்? உங்களுக்குத்தான் சைனஸாச்சே. மண்ணு வந்ததுல இருந்து உள்ள காலே வைக்கலையே?"

சொக்கநாதன் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"இ... இருந்திருக்கணும்ல மேடம்... மண்ணுப் பாட்டில்னா மண்ணு..."

"உங்க லேப்ல துடைக்கிற அம்மாவைக் கேட்டாக்கூட, ஒண்ணு காலியா இருக்கும்னு சொல்லியிருக்கும். நீங்க டாக்டரு! அந்தப் பட்டம் எங்க வாங்குனது?"

"அது... ஒரு ஹோட்டல்ல..."

"ஹோட்டல்லயா?"

"சால்வை போத்திக் குடுத்தாங்க மேடம்... மத்தியானச் சாப்பாட்டோட."

சிவபாண்டி முதல் முறையாகக் கூலிங் கிளாஸைக் கழற்றினான். ஒரு கோல்டு மெடலால் தாங்க முடியாத செய்தி அது.

அப்போது வாசலில் நாற்றம் வந்தது. அதன் பின்னால் சோணை வந்தார், கையில் ஒரு பூந்தொட்டியோடு. அதில் ஒரு ரோஜாச் செடி கருகித் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், மொட்டை மாடியில ஏழு தொட்டி. அம்புட்டும் பட்டுப்போச்சு. கிளிஞ்சலா கிடக்கு! ஒரு தொட்டிக்கு அடியில சாவி ஒண்ணும் இருந்துச்சு. குளிர் ரூமுக்குப் போட்டுப் பார்த்தேன்... லட்டு மாதிரி திறக்குது!"

ஷிபா ஓடிவந்து மண்ணைத் தொட்டாள். முகர்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இதுதான் மேடம்! இதுதான் என் மண்ணு!"

சொக்கநாதன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். இந்த முறை கர்ச்சீப் நன்றாகவே நனைந்தது.

"மண்ணு நல்லா இருந்துச்சுன்னா கம்பெனியோட எல்லாக் கிணத்து மண்ணு டெஸ்ட் வேலையும் எனக்குத்தான்னு இவர் காபி குடிக்கும்போது சொன்னாரு மேடம்..."

"நான் பொதுவாச் சொன்னேன்!" என்று சிவபாண்டி பதறினான். "மாத்தச் சொல்லவே இல்ல!"

"நீங்க ஏன் சொல்லப் போறீங்க? கண்ணைக் காட்டுனா கையையே வெட்டிக் குடுக்குற ஆளுங்க ஊர்ல நெறைய இருக்கு. நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும். ம், டாக்டர், மேல சொல்லுங்க."

"திருமங்கலம் தாண்டி ஆலாத்திக் கண்மாய்னு ஒண்ணு மேடம். தாமரை பூத்து அம்புட்டு அழகா இருந்துச்சு. சுத்தமான மண்ணாத்தான் இருக்கும்னு அள்ளிட்டு வந்தேன். கடல் மாதிரி இருக்கட்டும்னு ரெண்டு பாக்கெட் கல் உப்பும் கலந்தேன்..."

"ஊறுகாய் போட்டிருக்கீங்க! முத்திருளன்?"

"நேத்து எல்லாரும் போனப்புறம் என்னைக் குளிர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் அந்த வேரைக் காட்டுனாரு. 'காலையில கோர்ட்டுல சொல்லிருவேன்'னு திரும்புனாரு. கிளவுஸ் போட்டிருந்தேன்... கவ்வி கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு..."

ஷிபா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தங்கமான மனுஷன், வலது கைன்னு சொன்னீங்களே," என்றார் முத்துமீனா. அவர் குரலில் இப்போது கேலி இல்லை. "ஒரு வேரைக் காட்டுனதுக்கா அவரைக் கொன்னீங்க? நடங்க."

சிக்கந்தர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். வாய் திறந்து நன்றி சொல்ல முடியவில்லை. முத்துமீனாவுக்கும் அதைக் கேட்க நேரமில்லை. மேலிடத்துக்குப் போன் போட வேண்டியிருந்தது.

*

சில வாரங்கள் கழித்து ஷிபா ஸ்டேஷனுக்கு வந்தாள். இரண்டு மண்ணையும் வெளியூர் அரசு லேப் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்திருந்தது.

"கடல் மண்ணுல நான் சொன்னபடியே பேரியம் எக்கச்சக்கம் மேடம். ஈயமும் கூட இருக்கு. மீனவங்க சொன்னது சரிதான். கோர்ட் அடுத்த கிணத்தை நிறுத்தி வச்சிருச்சு."

"சபாஷ்! முத்திருளன் ஆத்மா சாந்தியடையும். இன்னொரு மண்ணு? நம்ம கண்மாய்?"

ஷிபா தயங்கினாள்.

"என்னம்மா? சுத்தம்தானே?"

"பேரியம் ஒண்ணுதான் கம்மி மேடம். ஈயம், குரோமியம், காட்மியம் மூணும்... எண்ணெய்க் கிணத்துக்குப் பக்கத்துல இருந்ததை விட நாலு மடங்கு! பக்கத்துல பழைய பேட்டரி உடைக்கிறாங்களாம். முலாம் பட்டறைத் தண்ணியும் அங்கதான் விழுதாம்."

முத்துமீனா நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்படீன்னா... சொக்கநாதன் மாத்தி வச்ச மண்ணே கோர்ட்டுக்குப் போயிருந்தா?"

"கம்பெனிக்கு நாலு மடங்கு ஆப்பு மேடம். கடலையே மூடச் சொல்லியிருப்பாங்க."

கம்பெனியைக் காப்பாற்ற ஒரு கொலை! காப்பாற்றியிருந்தால் கம்பெனி காலி! இதைச் சிறைக்குப் போய்ச் சொக்கநாதனிடம் சொல்ல வேண்டும் என்று முத்துமீனாவுக்கு ஆசையாக இருந்தது.

சோணை மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"மேடம்... அந்தக் கண்மாய்த் தண்ணியிலதான் ஒன்பது ஊருக்கு நெல்லு விளையுது. என் மாமனார் ஊரும் அதுல ஒண்ணு."

"யாராச்சும் கேஸ் போட்டிருக்காங்களாய்யா?"

"கடலுக்குன்னா கோர்ட்டுக்குப் போவாங்க மேடம். கண்மாய்க்கு யாரு போறா?"

மேஜை போன் அலறியது.

சிவபாண்டி! ஜாமீனில் வந்தவன் குரலில் அப்படியோர் உற்சாகம்.

"மேடம், வணக்கம்! அந்தக் கண்மாய் ரிசல்ட் எங்களுக்கு ஒரு காப்பி வேணும். 'ஊருக்குள்ள இருக்குற கண்மாயை விட எங்க கடல் நாலு மடங்கு சுத்தம்'னு கோர்ட்டுல சொல்லலாம்னு எங்க எம்.டி. ஆசைப்படுறாரு."

முத்துமீனா மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"காப்பி எதுக்கு சார்? கண்மாய்த் தண்ணியே ஒரு கேன் அனுப்பி வைக்கிறேன். உங்க எம்.டி.யை ஒரே மூச்சுல குடிச்சுட்டு வந்து, கோர்ட்டுல அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க... வர முடிஞ்சா!"